ஏமன் போர் ஏமன்காரர்களுடையது

ஏமன் பற்றிய செய்தி எந்தப் பத்திரிகையில் வந்தாலும் இரண்டாவது பத்தியில் ஒரு விளக்கம் தவறாமல் இருக்கும். ஹூதிகள் ஷியாக்கள், அவர்களுக்குப் பின்னால் ஈரான். எதிரே நிற்கும் அரசு சன்னி, அதற்குப் பின்னால் சவுதி அரேபியா. இரண்டு பெரியவர்கள் மூன்றாவது ஆளின் வீட்டுக்குள் புகுந்து அடித்துக்கொள்கிறார்கள்; அவர்கள் சமாதானமானால் வீட்டுக்காரர்களும் சமாதானமாகிவிடுவார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் இதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஏமனில் ஓர் ஊர்ப்பெயரைக்கூடத் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை என்பது இந்த விளக்கத்தின் பெரிய வசதி.

பெரியவர்கள் சமாதானமாகியும் பார்த்துவிட்டார்கள். 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் சவுதியும் ஈரானும் மீண்டும் தூதரக உறவு வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. அடுத்த மாதம் சவுதித் தூதர் சனாவுக்கே போய் ஹூதித் தலைவர்களோடு உட்கார்ந்து பேசினார். இரு தரப்பும் சேர்த்து ஏறத்தாழ 900 கைதிகளை விடுவித்தன. ‘ஏமன் போர் முடிகிறது’ என்று உலகமெங்கும் தலைப்புகள் வந்தன. போர் முடியவில்லை. சனாவில் ஓர் அரசும் ஏடனில் ஓர் அரசும் அப்படியே இருந்தன. தாயிஸ் நகரத்தைச் சுற்றிய முற்றுகை விலகவில்லை. ஹத்ரமவுத்தின் எண்ணெய்க் கப்பல்கள் நகரவில்லை. முதலாளிகள் கைகுலுக்கினால் வேலைக்காரர்கள் கலைந்துவிடுவார்கள் என்று போட்ட கணக்கு தப்பியதற்குக் காரணம் எளிது. இந்தச் சண்டையை அந்த முதலாளிகள் தொடங்கி வைக்கவே இல்லை.

மதத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், விளக்கம் அங்கேதான் முதலில் வழுக்குகிறது. ஹூதிகள் உட்பட வட ஏமனின் மலைப்பகுதி ஷியாக்கள் ஜைதிகள். ஈரானின் பன்னிரு இமாம் மரபு வேறு, இவர்களுடையது வேறு; சட்ட நடைமுறையில் ஜைதிகள் சன்னிகளுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் வட மலைகளில் ஜைதி இமாம்களின் ஆட்சி நடந்தது. 1962 செப்டம்பர் 26-ல் ராணுவ அதிகாரிகள் கடைசி இமாம் முகம்மது அல்-பத்ரைக் கவிழ்த்துக் குடியரசு அறிவித்தபோது, ஓடிப்போன அந்த ஷியா இமாமுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது யார்? சவுதி அரேபியா. எதிர்ப்பக்கம் குடியரசைக் காக்க நாசரின் எகிப்து படை அனுப்பியது. உச்சத்தில் ஏறத்தாழ 70,000 வீரர்கள். இன்று ‘இஸ்ரேல் ஒழிக’ என்று கொடி பிடிக்கும் ஹூதிகளின் மலைநாட்டில், அன்று இமாமின் படைகளுக்கு இஸ்ரேலிய விமானங்கள்கூட ஆயுதம் போட்டுவிட்டுப் போயின. எந்த மதப் பட்டியலில் வைத்து இதை விளக்குவது?

வெளிநாட்டார் போனால் அமைதி வரும் என்பதற்கும் அன்றே ஒரு சோதனை நடந்தது. இஸ்ரேலிடம் தோற்ற பிறகு எகிப்து 1967 இறுதிக்குள் தன் வீரர்களை முழுவதுமாகத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர்கள் கிளம்பிய கையோடு இமாமின் படைகள் சனாவைச் சூழ்ந்தன. எழுபது நாள் முற்றுகையைத் தாங்கித்தான் குடியரசு பிழைத்தது. சண்டை ஓய 1970 ஆயிற்று.

தெற்கின் கதை இன்னும் கறாரானது, ஏனென்றால் அங்கே ஷியா-சன்னி என்ற பேச்சுக்கே இடமில்லை. தெற்கில் ஏறத்தாழ எல்லாரும் சன்னிகள். 1839-ல் பிரிட்டிஷார் ஏடன் துறைமுகத்தைப் பிடித்தார்கள். 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாகவே இருந்தது. 1967 நவம்பர் 30-ல் அவர்கள் வெளியேறிய பிறகு அரபு உலகின் ஒரே மார்க்சிய அரசு அங்கே உருவானது. ஒரே கட்சி, ஒரே சித்தாந்தம், ஒரே புரவலர்: மாஸ்கோ. ஒற்றுமைக்கு இதைவிடச் சாதகமான நிலை வேண்டுமா?

1986 ஜனவரி 13 காலை ஏடனில் அரசியல் தலைமைக்குழுக் கூட்டம். உறுப்பினர்கள் வந்து அமர்ந்துவிட்டார்கள். அதிபர் அலி நாசர் முகம்மதின் கார் வெளியே நிற்கிறது, அதனால் அவரும் வந்துவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவருடைய மெய்க்காவலர் வழக்கம்போல அவர் கைப்பெட்டியைக் கொண்டுவந்து தலைமை நாற்காலி அருகே வைத்தார். அடுத்த நொடி துப்பாக்கிகள் வெடித்தன. துணை அதிபர் அலி அந்தர், பாதுகாப்பு அமைச்சர் சாலிஹ் முஸ்லிஹ் காசிம் எனக் கட்சியின் பெரிய தலைகள் அங்கேயே சாய்ந்தன. அடுத்த பத்துப் பன்னிரண்டு நாட்களில் ஏடனில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். நியூசிலாந்து திசையில் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் அரசியின் உல்லாசக் கப்பல் பிரிட்டானியா திரும்பிவந்து பல நாட்டவரைக் கரையிலிருந்து ஏற்றிச்சென்றது. மாஸ்கோவோ இரு பக்கமும் தன் ஆட்களே சுட்டுக்கொள்வதைப் பார்த்துத் திகைத்து நின்றது.

கோடு எங்கே கிழிந்தது என்று பார்க்க வேண்டும். அலி நாசரின் ஆட்கள் அப்யன், ஷப்வா மாவட்டக்காரர்கள். எதிர்த்தரப்பு தாலே, லஹெஜ் மலைக்காரர்கள். கட்சியில் இடம், ராணுவத்தில் பதவி, சம்பளப் பட்டியலில் பெயர், இவை யாருக்கு என்பதுதான் தகராறு. தோற்ற அப்யன்காரர்கள் ஆயிரக்கணக்கில் வடக்கே ஓடினார்கள். அவர்களில் ஒரு ராணுவ அதிகாரி, அப்த்ரபூ மன்சூர் ஹாதி. பின்னாளில் ஏமனின் அதிபரானவர்.

இப்போது 2019 ஆகஸ்டுக்கு வரலாம். அதே ஏடன். ஹாதி அரசின் படைகளை, பிரிவினை கோரிய தெற்கு இடைக்காலக் கவுன்சிலின் படைகள் அடித்துத் துரத்தின. கவுன்சிலின் அன்றைய தலைவர் ஐதரூஸ் அல்-ஜுபைதி தாலேக்காரர். அவர் படையில் பெரும்பகுதி தாலே, லஹெஜ், யாஃபியா ஆட்கள். ஹாதியின் காவல்படையில் அப்யன் ஆட்கள். முப்பத்துமூன்று வருடம் கழித்து ஏறத்தாழ அதே மாவட்டங்கள், அதே தெருக்கள். நடுவில் மாறியது புரவலர்கள் மட்டும்: சோவியத் யூனியன் இருந்த இடத்தில் ஒரு பக்கம் சவுதி, மறுபக்கம் ஐக்கிய அரபு அமீரகம். அவை இரண்டும் ஹூதிகளை எதிர்க்க ஒரே கூட்டணியில் இருந்தவை. அந்த மாதக் கடைசியில் அமீரகத்தின் விமானங்கள் ஹாதி அரசுப் படைகள் மீதே குண்டு போட்டன. சவுதி-ஈரான் சூத்திரத்தில் இதைப் பொருத்த முயல்கிறவருக்கு நல்ல தைரியம் வேண்டும்.

இவ்வளவையும் சொன்னால் ஒரு பதில் வரும்: அப்படியானால் வெளிநாட்டார் கை சுத்தமா? இல்லை. 2015 மார்ச் 26-ல் தொடங்கிய சவுதிக் கூட்டணியின் விமானத் தாக்குதல், அமெரிக்க, பிரிட்டிஷ் ஆயுதங்களோடு நடந்தது. 2016 அக்டோபரில் சனாவில் ஓர் இரங்கல் கூட்ட மண்டபத்தில் குண்டு விழுந்து 140 பேர் அளவில் செத்தார்கள். 2018 ஆகஸ்டில் சாதா மாகாணத்தின் தஹ்யான் சந்தையில் சிக்கிய பள்ளிப் பேருந்தில் நாற்பது பிள்ளைகள் போனார்கள். விழுந்த குண்டு அமெரிக்கத் தயாரிப்பு. ஈரான் கொடுத்த பாகங்களும் பயிற்சியும் இல்லாமல் ஹூதிகளின் ஏவுகணை ரியாத்துக்கும் இஸ்ரேலின் எய்லாத்துக்கும் எட்டியிருக்காது. 2021 இறுதிக்குள் 3,77,000 உயிர்கள் போயிருக்கும் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் கணக்கிட்டது. அதில் பத்தில் ஆறு பங்கு பசி, நோய், மருத்துவமின்மை. அந்த எண்ணிக்கை இவ்வளவு பெரிதானதில் வெளிநாட்டார் பங்கு மறுக்க முடியாதது, மன்னிக்கவும் முடியாதது. ஆனால் சாவு ஏன் இத்தனை என்பது ஒரு கேள்வி, சண்டை ஏன் மூண்டது, ஏன் தீரவில்லை என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலையே இரண்டாவதற்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

தமிழ் வாசகர் பலருக்கு ஏமன் அறிமுகமானதே 2015 ஏப்ரலில், ‘ஆபரேஷன் ராஹத்’ கப்பல்களிலும் விமானங்களிலும் 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் மீட்கப்பட்டபோதுதான். மீட்கப்பட்டவர்களில் நர்சுகள் பலர், தமிழர்களும் இருந்தார்கள். அதனால் கதை சவுதிக் குண்டுவீச்சில் தொடங்குவதாக நம் மனதில் பதிந்துவிட்டது. அது தொடங்கியது அதற்கு முன்பே, ஒரு வரைபடத்தில்.

2011 கிளர்ச்சியில் 33 ஆண்டு ஆண்ட அலி அப்துல்லா சாலேயின் ஆட்சி ஆடியது. வளைகுடா நாடுகள் தயாரித்த ஒப்பந்தப்படி அவர் விலகி, ஹாதி அதிபரானார். 2013 மார்ச் முதல் 2014 ஜனவரி வரை 565 பேராளர்கள் சனாவில் கூடி நாட்டின் எதிர்காலத்தைப் பேசினார்கள். பெண்கள், இளைஞர்கள், தெற்கத்தியர், ஹூதிகள் என எல்லாரும் இருந்த கூட்டம். நல்ல கூட்டம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் நாட்டை எத்தனை மாநிலங்களாகப் பிரிப்பது என்பதில் மட்டும் முடிவு வரவில்லை. அதை ஹாதி தன் தலைமையில் அமைத்த சிறு குழுவிடம் விட்டார்கள். பத்து மாதம் பேசித் தீராததை அந்தக் குழு இரண்டே வாரத்தில் தீர்த்தது. 2014 பிப்ரவரி 10 அன்று ஆறு மாநில வரைபடம் வெளியானது.

வடக்கு மலையின் சாதா, அம்ரான், சனா, தமார் மாகாணங்கள் சேர்ந்து ‘ஆஸால்’ மாநிலம். மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதி. கடற்கரை கிடையாது. எண்ணெய்க் கிணறு கிடையாது. ஹூதிகள் நெடுநாளாகக் கண்வைத்திருந்த ஹஜ்ஜா மாகாணம், மீதி என்னும் தன் துறைமுகத்தோடு திஹாமா மாநிலத்துக்குப் போனது. ஜவ்ஃப், மாரிபின் எண்ணெயோடு சேர்ந்து சபா மாநிலத்துக்குப் போனது. வடக்கத்தியரைப் பட்டினி போடவே இந்தக் கோடு என்றார்கள் ஹூதிகள். தெற்கத்தியருக்கோ வேறு ஆத்திரம்: இரு ஏமன்களும் இணைந்த 1990-க்கு முந்தைய எல்லையில் தெற்கு ஒரே அலகாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்க, ஏடன் என்றும் ஹத்ரமவுத் என்றும் இரண்டாக வெட்டியிருந்தார்கள். தெற்கின் எண்ணெய் முழுக்க ஹத்ரமவுத் பக்கம். ஆக, எதிரும் புதிருமான இரு தரப்பையும் ஒரே காகிதத்தால் கோபப்படுத்திய சாதனை ஹாதியுடையது.

அந்த ஆண்டு ஜூலைக் கடைசியில் அரசு எரிபொருள் மானியத்தை வெட்டியது. டீசல் விலை ஏறிய கோபத்தில் ஹூதிகள் கூட்டம் சேர்த்துத் தலைநகர் நோக்கி நகர்ந்தார்கள். செப்டம்பர் 21-ல் சனா அவர்கள் கையில். ஈரான், சனாவைப் பிடிக்க வேண்டாம் என்றே அவர்களுக்குச் சொன்னதாக அமெரிக்க அதிகாரிகளே பின்னர் செய்தியாளர்களிடம் கூறினார்கள். நகரக் கதவைத் திறந்துவிட்டவர் பதவியிழந்த சாலே. தன் ஆட்சியில் 2004 முதல் 2010 வரை ஆறு முறை ஹூதிகள் மீது போர் தொடுத்து, அவர்கள் தலைவர் ஹுசைன் அல்-ஹூதியைக் கொன்ற அதே சாலே, அவரும் ஜைதிதான்.

2015 ஜனவரி 17 காலை அதிபர் அலுவலகத் தலைவர் அகமது அவாத் பின் முபாரக் காரில் போய்க்கொண்டிருந்தார். அரசியல் சாசன வரைவு குறித்த கூட்டம் அன்று. ஆறு மாநிலம் அந்த வரைவில் எழுதப்பட்டிருந்தது. ஹூதிகள் வழிமறித்து அவரைக் கடத்திப் போனார்கள். அடுத்த சில நாட்களில் அதிபர் மாளிகை வீழ்ந்தது, ஹாதி ராஜினாமா செய்தார், பின்பு ஏடனுக்குத் தப்பினார். சவுதி விமானங்கள் வந்தது அந்தக் கடத்தலுக்கு இரண்டு மாதம் கழித்து.

சாலேயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டார் ஏமன்காரர்களை விலைக்கு வாங்கினார்கள் என்று சொல்கிறவர்கள், ஏமன்காரர்கள் வெளிநாட்டாரிடம் எவ்வளவு வசூலித்தார்கள் என்று பார்ப்பதில்லை. 1990-ல் இரு ஏமன்களும் இணைந்த சில மாதங்களில், ஐ.நா. பாதுகாப்பு சபையில் இராக்குக்கு எதிரான தீர்மானத்தை அவருடைய ஏமன் எதிர்த்து வாக்களித்தது. இராக் விஷயத்தில் ஏமன் எடுத்த நிலைப்பாட்டுக்குத் தண்டனையாகச் சவுதி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏமன் தொழிலாளர்களை வெளியேற்றியது. 1994-ல் தெற்கு பிரிய முயன்றபோது சவுதியின் அனுதாபம் அந்த முன்னாள் மார்க்சியர்கள் பக்கம் இருந்தது. சாலே அதையும் தாண்டி, ஆப்கானிஸ்தானில் போரிட்டுத் திரும்பியவர்களையும் 1986-ல் ஓடிவந்த அப்யன் அதிகாரிகளையும் கூட்டி, ஜூலை 7-ல் ஏடனைப் பிடித்தார். அந்தப் போரில் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் ஹாதி. பிறகு அல்-காய்தாவைக் காட்டி அமெரிக்காவிடம் பணமும் பயிற்சியும் வாங்கினார். ஈரானைக் காட்டிச் சவுதியிடம் வாங்கினார். கடைசியில் தான் கொன்றவர்களின் இயக்கத்தோடேயே கூட்டு வைத்து, 2017 டிசம்பரில் மறுபடி சவுதி பக்கம் தாவப் பார்த்தபோது, டிசம்பர் 4-ல் ஹூதிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த மனிதரை யாருடைய பினாமி என்பது?

1994 வெற்றிக்குப் பிறகு தெற்கு ராணுவ அதிகாரிகள் கும்பல் கும்பலாகக் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். ஏடனில் நிலமும் வீடும் வடக்குத் தளபதிகளுக்குப் போனது. 2007-ல் அந்த ஓய்வு அதிகாரிகள் தெருவில் இறங்கினார்கள். கேட்டது வேலையும் ஓய்வூதியமும். பிரிவினைக் கோஷம் பிறகு வந்தது. இன்றைய தெற்கு இயக்கத்தின் வேர் அங்கே, அபுதாபியில் இல்லை. அமீரகம் பணத்தோடு வந்து சேர்ந்தது அதற்கு எட்டு வருடம் கழித்து.

சண்டை இன்று சாதாரண ஆளின் சட்டைப்பையில் எப்படி இருக்கிறது என்று பார்த்தாலும் இதுவே தெரியும். 2016 செப்டம்பரில் ஹாதி மத்திய வங்கியைச் சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றினார். வடக்கில் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் சம்பளம் நின்றது. ஏடன் வங்கி ரஷ்யாவில் புதுத் தாள்கள் அச்சடித்து இறக்கியது. 2020 தொடக்கத்தில் ஹூதிகள் அந்தத் தாள்களைச் செல்லாது என்றார்கள். அதிலிருந்து ஒரே பெயரில் இரண்டு ரியால்கள்: சனாவில் கந்தலாகி ஒட்டுப்போட்ட பழைய தாள், ஏடனில் மொடமொடப்பான புதுத் தாள். 2024-ல் ஒரு டாலர் சனாவில் 530 ரியால் அளவில் நிற்க, ஏடனில் 1,800-ஐத் தாண்டியது. அந்த ஆண்டு ஏடனில் கூலி வேலை செய்தவன் வடக்கே இருந்த தாய்க்குப் பணம் அனுப்பினால் முக்கால் பங்குக்கு அருகில் வழியிலேயே கரைந்துவிட்டது. இந்த வெட்டைப் போட்டவர்கள் தெஹ்ரானிலோ ரியாத்திலோ இல்லை.

தாயிஸ் இன்னொரு உதாரணம். நகர மையத்திலிருந்து கிழக்கே ஹவ்பான் பகுதிக்குக் காரில் பதினைந்து நிமிடம். 2015-ல் ஹூதிகள் பாதையை அடைத்த பிறகு, குறுகிய மலைச்சாலையில் சுற்றிக்கொண்டு ஐந்தாறு மணி நேரம் ஆனது. லாரிகள் உருண்டன, நோயாளிகள் வழியில் இறந்தார்கள். 2018 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. முன்னிலையில் தாயிஸுக்கென்று தனியாக ஓர் இசைவு எழுதினார்கள். ஒரு தடுப்பும் நகரவில்லை. பாதை திறந்தது 2024 ஜூனில், உள்ளூர் இடையீட்டாளர்கள் இரு பக்கமும் நடையாய் நடந்த பிறகு. அதற்குள் நகரத்துக்குள்ளேயே ஹூதி எதிர்ப்பாளர்கள் இஸ்லாஹ் கட்சியென்றும் நாசரியர் என்றும் சலஃபி என்றும் பிரிந்து தங்களுக்குள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 35-ஆம் கவசப் படைப்பிரிவின் தளபதி அத்னான் அல்-ஹம்மாதி 2019 டிசம்பரில் கொல்லப்பட்டது ஹூதிகளால் அல்ல.

‘அப்படியானால் இது பழைய கோத்திரப் பகை’ என்று சிலர் உடனே மறு எல்லைக்குத் தாவுவார்கள். அதுவும் சோம்பேறித்தனம். கோத்திரங்கள் ஆயிரம் வருடமாக இருக்கின்றன. ஓய்வூதியம், எண்ணெய் வருவாய்ப் பங்கு, துறைமுகச் சுங்கம் எல்லாம் நேற்றைய சமாச்சாரங்கள். மாரிப் தன் எண்ணெய் வருவாயில் 20 சதவீதத்தை உள்ளூரிலேயே வைத்துக்கொள்ளத் தொடங்கியதும் சாலையும் மின்சாரமும் வந்தன, வீடிழந்த லட்சக்கணக்கானவர்கள் அங்கே போய்க் குடியேறினார்கள். அங்கும் கோத்திரங்கள்தான். பேரம் பேச ஒரு பொருள் இருந்தால் பேசுகிறார்கள்.

2025 டிசம்பரில் தெற்குக் கவுன்சிலின் படைகள் ஹத்ரமவுத்துக்குள்ளும் மஹ்ராவுக்குள்ளும் புகுந்து பெரும்பகுதியைப் பிடித்தன. தங்கள் எண்ணெயைச் சனாவும் ஏடனும் ஆளக்கூடாது என்று ஏற்கனவே தன்னாட்சி கேட்டுக்கொண்டிருந்த ஹத்ரமிகள் இதை விடுதலையாகப் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் சவுதி விமானங்கள் முகல்லா துறைமுகத்தில் அமீரகத்திலிருந்து வந்திறங்கிய சரக்கின் மீது குண்டு போட்டன. அமீரகம் மிச்சமிருந்த தன் படையைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. ஹூதிகள் இதில் ஒரு தோட்டாவும் செலவழிக்கவில்லை.

பினாமிப் போர் என்ற கண்ணாடியை மாட்டிக்கொண்டால் பேச்சுவார்த்தை மேசையும் அதற்கேற்பச் சுருங்கிவிடுகிறது. எல்லாரும் ரியாத்தையும் தெஹ்ரானையும் மஸ்கட்டையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். 2018-ல் ஹுதைதா துறைமுகத்தைக் காப்பாற்ற ஸ்வீடனில் ஒப்புக்கொண்டவை ஹூதி தரப்பும் ஹாதி அரசும். வடக்கு ஏமனின் உணவு இறங்கும் அந்தத் துறைமுகம் இருப்பது திஹாமா சமவெளியில். செங்கடலோர மீனவர்களும் கூலி விவசாயிகளும் வாழும், நாட்டிலேயே மிக வறிய பகுதிகளில் ஒன்று. போரிலும் அவர்களுடைய இளைஞர்கள் இரு பக்கமும் செத்தார்கள். 2022 ஏப்ரல் 7 அன்று ரியாத்தில் ஹாதியை விலகவைத்து எட்டுப் பேர் கொண்ட அதிபர் தலைமைக் கவுன்சிலை அறிவித்தார்கள். தாயிஸ், மாரிப், சாதா, ஷப்வா, ஹத்ரமவுத், தாலே, யாஃபியா என்று பார்த்துப் பார்த்துப் பங்கு பிரித்தார்கள். எட்டாமவர் செங்கடலோரத்தில் படை வைத்திருக்கும் தாரிக் சாலே. பழைய அதிபர் சாலேயின் சகோதரர் மகன், சனா பக்கத்து மலைக்காரர். திஹாமாவிலிருந்து ஒருவரும் இல்லை.